அரை வசனம்

வெறும் தாள், வெறும் தாள் என்று வண்டி கிளம்பியதிலிருந்து எனக்குள்ளே சொல்லிக்கொண்டே வருகிறேன், ஆனால் வெறும் தாள் என்றால் அதை ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டும், ஒரு தடவை போதாதா. பள்ளிக்கூடத்து பிக்கப்பில் முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். டிரைவர் மிஸ்டர் வைசன், நடுவில் நான், கதவோரம் என் வகுப்புப் பிள்ளை தியாமிக்கே. கியர் போடும்போதெல்லாம் அந்தக் கம்பி என் முழங்காலில் இடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் மிஸ்டர் வைசன் சாரி மேடம் என்கிறார், நானும் பரவாயில்லை என்கிறேன், இப்படியே போனால் இவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் எனக்கு முழங்காலும் இருக்காது பொறுமையும் இருக்காது. தியாமிக்கே பேசவில்லை. ஹாஸ்டல் வாசலில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருகிறாள், பார்க்க என்ன இருக்கிறது, மார்ச் மாதத்து மலாவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், நடுவில் சிவப்பு மண் ரோடு, ரோட்டோரம் தக்காளியைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள், சைக்கிளில் கரி மூட்டை தள்ளிக்கொண்டு போகிற ஆண்கள். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, மறுபடி கொட்டுவதற்கு மலைமேல் மேகம் காத்துக் கிடக்கிறது. இவளுடைய தம்பி லிம்பானிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். மலேரியாவாம், மருந்து கொடுத்தார்களாம், இறங்கி இறங்கி ஏறுகிறதாம். அக்கா எப்போது வருவாள் என்று அரற்றுகிறானாம். அவள் அம்மா ஹெட்மாஸ்டரின் போனில் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். இவளோ போகமாட்டேன் என்றாள். ஆறு வயசுத் தம்பி, முதுகில் கட்டிச் சுமந்து வளர்த்த தம்பி, போகமாட்டேன் என்றாள், நான் சொல்லிச் சொல்லித்தான் வண்டியில் ஏறியிருக்கிறாள். ஏன் என்று ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது, இந்த மிஸ்டர் வைசனுக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பயத்தை அவள் கையில் கொடுத்தவள் நான். மறுபடி கியர். சாரி மேடம். பரவாயில்லை என்று முழங்காலைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் அது, மெஞ்ஞானபுரத்தில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சோறு சாப்பிடப் பழகுவதுபோல் கூடவே வந்துவிடும். புது வருஷ ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் தட்டு வைத்திருப்பார்கள், தட்டில் சின்னச் சின்ன அட்டை, ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் எடுக்க வேண்டும். எடுத்ததில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குத் தருகிற வாக்குத்தத்தம். பர்ஸில் வைத்துக்கொள்வோம், பீரோக் கதவில் ஒட்டுவோம், பரீட்சைக்குப் போகும்போது தொட்டுவிட்டுப் போவோம். அதில் இருப்பது அநேகமாக அரை வசனம்தான். முழுசும் அட்டையில் கொள்ளாது, நல்லதாக இருக்கிற பாதியை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவார்கள், அது யாருக்கும் ஒரு குறையாகப் பட்டதே இல்லை. ஊழிய சங்கம் என்னை வேத நெறிப் பாடம் நடத்த இங்கே அனுப்பியபோது பெட்டியில் சேலையோடும் புளியோடும் இந்தப் பழக்கத்தையும் கட்டிக்கொண்டு வந்தேன். ஜனவரியில் டெர்ம் தொடங்கியதும் பிள்ளைகளை வரிசையில் விட்டு எடுக்கச் சொல்வேன், அவர்களுக்கும் கொள்ளைச் சந்தோஷம். இந்த வருஷம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஊரிலிருந்து வந்த இங்கிலீஷ் அட்டை பற்றவில்லை. மீதியை நானே வெட்டி எழுதினேன். வீட்டை நினைத்து அழுகிற ஹாஸ்டல் பிள்ளைகள் உண்டே, அவர்களில் ஒருத்திக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, இயேசு குணமாக்கிய, கை கால் விளங்காத திமிர்வாதக்காரனிடம் எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்வாரே, அதை எழுத நினைத்தேன். எந்த வார்த்தை வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற அகராதி ஒன்று போனில் வைத்திருக்கிறேன், அதில் தேடினேன், ஒரே மாதிரி வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. வார்த்தையை ஒரு வரியிலிருந்தும் புத்தகத்தின் பேரையும் அதிகாரத்தின் எண்ணையும் அடுத்த வரியிலிருந்தும் எடுத்துவிட்டேன். கரண்டும் இல்லை, மூக்குக் கண்ணாடியும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த அட்டைதான் தியாமிக்கே கைக்கு வந்தது. நடந்தது அவ்வளவுதான்.

அவ்வளவுதானா. அட்டையோடு நின்றுவிடாதீர்கள், வேதத்தைத் திறந்து முன்னும் பின்னும் வாசியுங்கள் என்று வகுப்பில் நான்தான் சொல்லியிருக்கிறேன். சொல்வதோடு சரி, யார் செய்யப்போகிறார்கள் என்கிற தைரியத்தில் சொல்வது. மற்றப் பிள்ளைகள் அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள், இவள் திறந்தாள். எண் கொண்டுபோய் விட்ட இடத்தில் திமிர்வாதக்காரன் இல்லை. ஒரு ராஜாவின் மனைவி இருந்தாள், பேர்கூடச் சொல்லப்படாதவள். அவள் பிள்ளை சுகமில்லாமல் கிடக்கிறது. வேஷம் மாற்றிக்கொண்டு ஒரு தீர்க்கதரிசியிடம் கேட்கப் போகிறாள். கண் தெரியாத கிழவர், ஆனால் காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். எழுந்து வீட்டுக்குப் போ என்கிறார். அதோடு விட்டாரா, நீ ஊருக்குள் கால் வைக்கிற நேரத்தில் உன் பிள்ளை சாகும் என்கிறார். அவள் போகிறாள். வாசற்படி மிதிக்கிறாள், பிள்ளை சாகிறது. அந்தப் பொம்பளை ஏன் போனாள் என்று சின்ன வயசில் எனக்கு ஆத்திரமாக வரும், போகாமல் வழியிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாதா, காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு கிடந்திருக்கக் கூடாதா, பிள்ளை எங்கேயோ உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று. இவளும் அதைத்தான் யோசித்திருக்கிறாள். வாசித்த மறுநாளே என்னிடம் வந்தாள். வேறு அட்டை எடுத்துக்கொள்ளலாமா மேடம் என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆண்டவர் கொடுத்ததை மாற்றுவதா, இது என்ன சந்தையா என்று ஒரு அதட்டுப் போட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டிருக்கிறாள் இப்போது. பள்ளம் வரும்போதெல்லாம் நெற்றி இடிக்கிறது, வலிக்காதா, எடுக்கமாட்டேன் என்கிறாள்.

தம்பிக்குச் சுகமில்லை என்று போன் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னாள். என் அறையில் நின்றுகொண்டு, அழாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அது என் தவறு என்றேன், எண்ணை மாற்றி எழுதிவிட்டேன், உனக்கு வந்தது அந்த வசனமே இல்லை என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், கை நம்ம கை, எடுத்துத் தர்றது அவர்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். "எழுதின கையும் அப்படித்தானே?" என் வகுப்பில் இதுவரை நான் சொன்ன ஒன்றையும் இவள் மறக்கவில்லை, மறந்திருந்தால் பிழைத்திருப்பாள். போன வருஷம் ஒரு சின்னப் பிள்ளை மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் யாரோ மந்திரித்துக் கட்டியது. ஒரு முழக் கயிறா உன்னைக் காப்பாற்றும் என்று எல்லார் முன்னாலும் அவிழ்க்க வைத்தேன், பயமின்மை என்று தலைப்புப் போட்டு அரை மணி நேரம் பேசினேன், பேசி முடித்ததும் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ஹெட்மாஸ்டர் மிஸ்டர் கும்வெண்டாவின் தாத்தாவே சபையில் மூப்பர், இந்தக் குடும்பங்களுக்கு வேதம் எங்கள் ஊரைவிட ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும் என்று நினைத்தால் நம்மைப்போல் முட்டாள் இல்லை. முதல் வருஷம் அட்டைத் தட்டைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டர், எங்கள் சபையில் இப்படி எடுக்கிற வழக்கம் இல்லையே மேடம், இது உங்கள் நாட்டு வழக்கமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். வறட்டு மனுஷன், ஆவியில் அனல் இல்லாதவர் என்று எனக்குள் தீர்ப்பு எழுதினேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு அட்டையைக் கட்டிவிட்டிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல. மழைத் தூறல் கண்ணாடியில் விழுகிறது, மிஸ்டர் வைசன் வைப்பரைப் போடுகிறார், அது ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது.

தாளுக்குச் சக்தி இல்லை. இல்லைதானே. காலையில் ஊருக்குப் போன் போட்டு சுகிர்தா அக்காவிடம் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளாவது, ஏட்டி பைத்தியக்காரி, தாளுக்குப் போய்ப் பயந்துகிட்டு என்று திட்டுவாள், அந்தத் திட்டைக் கேட்டால் எனக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. அக்காவுக்குக் கல்யாணமான வருஷம் வீட்டில் டிபன் டப்பாவில் அட்டை போட்டு அம்மா எல்லாரையும் எடுக்க வைத்தாள். அக்காவுக்கு வந்தது பிள்ளை பெறாதவளைப் பார்த்துப் பாடச் சொல்கிற வசனம். சந்தோஷமாகப் பாடு என்பதுதான் அட்டையில் இருந்தது, அந்த வசனம் யாரைப் பார்த்துச் சொன்னது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்கா முகம் செத்துப்போய்விட்டது. அம்மா அதைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக் குலுக்கி, இது நமக்கு வேண்டாம், வேற எடு என்றாள். இரண்டாவது எடுத்தது ஒலிவக் கன்றுகளைப்போலப் பிள்ளைகள் பந்தியைச் சுற்றி இருப்பார்கள் என்கிற மாதிரி ஏதோ, எல்லாரும் சிரித்தோம், அத்தான்கூடக் கேலி பண்ணினார். பிள்ளை இல்லை. டாக்டர் காரணம் சொன்னார், பெரிய டாக்டர் வேறு காரணம் சொன்னார், இப்போது அக்காவுக்கு வயசும் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்த முதல் அட்டையைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறந்ததில்லை. இன்றைக்குக் காலையில் அக்கா எல்லாம் கேட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு வேற எடுக்க விட்டிருக்கலாம்லா என்று நான்தான் சொன்னேன், எனக்கே சமாதானமாக. "மாத்தி எடுத்து எனக்கு என்னட்டி மாறிச்சு," என்றாள் அக்கா. பிறகு அங்கே மழை உண்டா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வண்டி சேற்றில் ஒரு பக்கமாக வழுக்கி நிமிர்கிறது. மிஸ்டர் வைசன் சிரிக்கிறார், இந்த ரோட்டில் ஓட்டப் படித்தவன் எங்கேயும் ஓட்டுவான் என்கிறார். அக்கா கதையை விடு, என் கதை என்ன. தூத்துக்குடியில் டீச்சராக இருந்தேன், மாப்பிள்ளை பார்த்து முடிவாகிற நேரம், மின்வாரியத்தில் வேலை, அமைதியான ஆள், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அந்த வருஷம் தட்டிலிருந்து எடுத்த அட்டை என் தேசத்தையும் ஜனத்தையும் விட்டு அவர் காட்டுகிற இடத்துக்குப் போகச் சொன்னது. அதே மாதம் ஊழிய சங்கத்தார் எங்கள் சபைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். இரண்டும் பொருந்தியபோது உடம்பெல்லாம் புல்லரித்தது, பாதிரி ஐயர் மேடையில் என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார், சபையே அழுதது. மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவருக்கு இப்போது இரண்டு பெண்கள், ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாளாம். அம்மா செத்தபோது டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் மூன்றாம் நாள் ஜெபமும் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் அந்த அட்டையை வைத்துத்தான் தாங்கினேன், கூப்பிட்டவர் அவர், நாம் என்ன செய்ய என்று. இவளிடம் போய் அது வெறும் தாள் கண்ணே என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது ஏன் என்று எனக்குத் தெரியும். இவளுடையது தாள் என்றால் என்னுடையதும் தாள். ஏதோ ஒரு அச்சகத்தில் வெட்டி, யாரோ குலுக்கி, என் விரல் எதேச்சையாகத் தொட்ட தாள். அதை நம்பியா இங்கே வந்து தனியாகக் கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். என்னுடையது தாள் இல்லை, ஆண்டவரின் சத்தம்தான் என்றால் இவளுடையதும் சத்தம்தான். அப்படியென்றால் நான் இந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து வண்டியைத் திருப்பிவிட வேண்டும்போல் இருக்கிறது, மடியில் கையைக் கோத்து இறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டயர் வெடிக்கட்டும். இல்லை, வெடிக்க வேண்டாம், காற்று மட்டும் இறங்கட்டும். ஆற்றுத் தண்ணீர் பாலத்துக்குமேல் போகட்டும். இப்படியெல்லாம் நான் ஜெபித்துக்கொண்டு வருவது பாலம் தெரிந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் கீழே செம்மண் நிறத்தில் அடித்துக்கொண்டு போகிறது. பாலம் தாண்டிச் சோளக் கொல்லை திரும்பியதும் மிஸ்டர் வைசன் வேகத்தைக் குறைக்கிறார், தொப்பியைக் கழற்றி மடியில் வைக்கிறார். ரோட்டில் பச்சைக் கிளைகளை ஒடித்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சாவு வீடு இருந்தால் அப்படித்தான் போடுவார்கள், வண்டிகள் மெதுவாகப் போக. தியாமிக்கே நிமிர்ந்து உட்கார்கிறாள். என் கையைப் பிடிக்கிறாள், இறங்கினாலல்லவா, கால் வைத்தாலல்லவா என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, இன்னும் வைக்கவில்லையே, அதற்குள் எப்படி. ஒரு மரத்தடியில் ஆண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்கள் பாடுகிற சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. மிஸ்டர் வைசன் கண்ணாடியை இறக்கி யாரையோ கேட்கிறார். வயதானவராம், மீன் வியாபாரியாம், நேற்று இறந்தாராம். இவள் ஊர் இன்னும் தள்ளி. தியாமிக்கே மூச்சை விடுகிறாள். "எங்க வீடு இல்ல மேடம்," என்கிறாள். இன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. கிளைகளைத் தாண்டினோம், அவள் கை என் கையைவிட்டுப் போகவில்லை, ஆனால் இறுக்கம் தளர்ந்திருக்கிறது. பிறகு பேச ஆரம்பிக்கிறாள். லிம்பானி மாங்காயை உப்பில் தோய்த்துத் தின்பானாம், பல் கூசிக் கண்ணீர் வந்தாலும் விடமாட்டானாம். அவளுடைய பழைய ஸ்கூல் டையைக் கட்டிக்கொண்டு தூங்குவானாம். சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள், இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். ஆனால் தைரியம் கூடக் கூட அவள் தன் பயத்தை இறக்கி என் மடியில் வைத்துவிட்டு லேசாகிக்கொண்டே போகிறாள். இன்னும் தூரம் இருக்கிறதா என்று மிஸ்டர் வைசனைக் கேட்டேன். வந்துவிட்டது மேடம் என்கிறார்.

ஊருக்கு முன்னால் ரோடு முடிந்துவிடுகிறது. மேலே போனால் வண்டி புதையும், இங்கிருந்து நடக்க வேண்டும். நாலைந்து ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் தெரிகின்றன, தண்ணீர்ப் பம்பில் இரண்டு பெண்கள், ஒரு கோழி நனைந்துகொண்டு நிற்கிறது, சாதாரண ஊர். பையன் ரொம்ப முடியாமல் இருந்தால் இதே வண்டியில் போட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார், அதற்காகப் பின்னால் பாய் விரித்து தார்ப்பாயும் கட்டியிருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தியாமிக்கே கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள், முகம் தெளிந்திருந்தது. "நீங்க சொன்னதை யோசிச்சேன் மேடம். அது தாள்தான். பயமா இருந்துச்சு, இப்ப இல்ல. வாங்க, அவன் காத்துட்டு இருப்பான்," என்றாள். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு காலைக் கீழே வைத்தாள், சேறு விரல்களுக்கிடையில் பிதுங்கியது. அவ்வளவுதான், போ, போ மகளே என்று நான் சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. எப்போது பிடித்தது, இவ்வளவு பலமாகவா. "இரு," என்கிறேன். "நீ இறங்க வேண்டாம். சேறா இருக்கு. நான் போய் அவனைத் தூக்கிட்டு வரச் சொல்றேன், எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தானே." சேறாம். இந்த மண்ணில் பிறந்து நடந்தவளிடம் சொல்கிறேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள், வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கிற அதே கவனத்தோடு, ஒன்றையும் விடாமல் படித்துக்கொண்டாள். காலை மேலே எடுத்து வண்டிக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவளைத் தாண்டி இறங்கிக்கொள்ள வழிவிட்டாள். நான் இறங்கியதும் கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றினாள். மிஸ்டர் வைசன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பிப் போய் நீ வா என்று சொல்லிவிடலாம். சொன்னால் வருவாளா. வாயால் சொன்னதை எல்லாம் அவள் விட்டுவிட்டாள், கை சொன்னதை நம்பிவிட்டாள், இனி நான் எத்தனை வருஷம் வாயால் பேசினாலும் அந்தக் கை பேசியதுதான் அவளிடம் நிற்கும். நடக்கிறேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, இழுத்து இழுத்து நடக்கிறேன். பம்பில் நின்ற பெண்களில் ஒருத்தி வீட்டைக் கைகாட்டினாள். ஊருக்குள் கால் வைத்தாயிற்று, நான் வைத்தால் கணக்கில் வருமா, அட்டை அவளுக்கு வந்ததுதானே, ஆனால் எழுதியது நான், சீ, என்ன நினைப்பு இது, இப்போதும் இதையா நினைக்கிறேன். வாசலில் தியாமிக்கேயின் அம்மா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் துணியைச் சுற்றி, தலையைக்கூடக் கட்டாமல். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வந்துவிட்டீர்களே, வந்துவிட்டீர்களே என்று அவள் பாஷையில் சொன்னாள். அவ்வளவு எனக்குப் புரியும். வண்டி நிற்கிறது, பையனைத் தூக்கி வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் தெரிந்த வார்த்தைகளைக் கோத்துச் சொன்னேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். மூச்சு இழுக்கிறது, இந்த மழையில் எப்படித் தூக்குவது, முதலில் தியாமிக்கே வரட்டும், அவள் எங்கே என்று எட்டி எட்டி என் பின்னால் பார்த்தாள். "ரெண்டு நாளா கண்ணைத் திறக்கல. வண்டிச் சத்தம் கேட்டதும் திறந்துட்டான்," என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். உள்ளே இருட்டாக இருந்தது, கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. பாயில் ஒரு போர்வை, போர்வைக்கு வெளியே ஒரு சின்னத் தலை. கண் திறந்துதான் இருந்தது. நான் குனிந்து அவன் பேரைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் மறைத்துக்கொண்டு நின்றேன்போல, தலையைக் கஷ்டப்பட்டு ஒரு பக்கமாகச் சாய்த்து, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.